ஆம்னி பஸ் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

சென்னைக்குப் போகிற தனியார் பஸ்ஸை ஏன் ஆம்னி பஸ் என்கிறோம் என்று என் மகள் கேட்டாள். மாருதி ஆம்னி வேனிலிருந்து வந்த பெயராக இருக்கும் என்று சொல்லிவைத்தேன். சரிதானா? அப்படியானால் பஸ் என்பதற்கு என்ன பொருள்?

ஒரு வாசகர், அருப்புக்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

மாருதி வேனுக்கு ஆம்னி என்ற பெயர் வந்தது 1988இல். ஆம்னிபஸ் அதைவிட நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது. அது இரண்டு சொல் அல்ல, ஒரே லத்தீன் சொல். 'எல்லாருக்கும்' என்று பொருள். லத்தீனில் 'ஓம்னிஸ்' என்றால் எல்லாம். அதன் நான்காம் வேற்றுமைப் பன்மை வடிவம் ஓம்னிபுஸ். நம் 'கு' உருபு செய்கிற வேலையை அங்கே கடைசி எழுத்துகள் செய்கின்றன. லண்டன்காரர்கள் 1830களிலேயே முன்பாதியை விட்டுவிட்டு வெறும் பஸ் என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நாம் 'எல்லாருக்கும்' என்பதில் 'எல்லாரு'வை விட்டுவிட்டு, 'க்கும் வந்துடுச்சா?' என்று ஸ்டாப்பில் நின்று கேட்பது மாதிரி. வேர்ச்சொல் போய், உருபின் வால் மட்டும் உலகம் சுற்றுகிறது. எனக்கு மிகவும் பிடித்த சொல்வரலாறு இதுதான்.

பெயர் பிறந்த ஊர் பிரான்ஸின் நாந்த். அங்கே ஸ்தனிஸ்லாஸ் போத்ரி என்பவர் நீராவியில் ஓடும் மாவுமில் வைத்திருந்தார். மில்லில் மிஞ்சும் வெந்நீரைக் கொண்டு ஊருக்கு வெளியே குளியல் நிலையம் ஒன்றும் தொடங்கினார். குளிக்க வருகிறவர்களுக்காக 1826இல் குதிரை வண்டி விட்டார். ஏறியவர்கள் குளிக்க வரவில்லை, பாதி வழியிலேயே தங்கள் வேலைக்கு இறங்கிப் போனார்கள். மனிதர் சட்டென்று பிடித்துக்கொண்டார், வண்டியே தொழிலாகிவிட்டது. வண்டி நின்ற இடத்தில் ஓம்னே என்ற தொப்பிக்கடைக்காரரின் பெயர்ப்பலகை இருந்தது, பெயர் அதிலிருந்து வந்தது என்றும் ஒரு கதை சொல்வார்கள். கேட்க நன்றாயிருக்கிறது, நான் நம்பவில்லை. 1828இல் போத்ரியின் வண்டிகள் பாரிஸுக்குப் போயின. அங்கே வண்டி கட்டும் வேலை பார்த்த ஜார்ஜ் ஷில்லிபியர் 1829 ஜூலை 4 அன்று லண்டனில் பாடிங்டனிலிருந்து பேங்க் என்ற பகுதி வரை ஆம்னிபஸ் ஓட்டினார். மூன்று குதிரைகள், 22 பயணிகள், முழுத் தூரத்துக்கு ஒரு ஷில்லிங். அன்றைய கூலிக்காரருக்கு அது எட்டாத கட்டணம்.

சரி, நம் ஊருக்கு வருவோம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, டிரைவர் தவிர ஆறு பேருக்கு மேல் ஏற்றக் கட்டப்பட்ட எந்த வண்டியும் ஆம்னிபஸ்தான். அரசு டவுன் பஸ்ஸும் அதில் அடங்கும். பேச்சு வழக்கில் அந்தப் பெயர் தொலைதூரத் தனியார் பஸ்ஸுக்கு மட்டும் நின்றுவிட்டது. ஊருக்கு ஊர் நின்று ஆளேற்றுகிற ரூட் பஸ் தனியாருடையதாக இருந்தாலும் அதை யாரும் ஆம்னி என்பதில்லை, கவனித்திருப்பீர்கள். அதற்கு வழித்தட பெர்மிட், இதற்கு ஒப்பந்த ஊர்தி பெர்மிட்.

எல்லாருக்கும் என்ற சொல்லைத்தான் நான் விடாமல் பிடித்துக்கொள்கிறேன். போத்ரிக்கு முன்பே, 1662இல், கணித மேதை பாஸ்கலின் யோசனையில் பாரிஸில் ஐந்து சூ (அன்றைய பிரெஞ்சுச் சில்லறைக் காசு) கட்டணத்துக்குக் குறித்த பாதையில் வண்டிகள் ஓடின. ஆனால் படைவீரர்களும் வேலைக்காரர்களும் அவற்றில் ஏறக்கூடாது என்று தடை இருந்தது. நம் பக்கத்திலும் இதே கொடுமை நடந்திருக்கிறது. நீதிக்கட்சிக் காலத்தில் தனியார் பஸ்களில் ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுத்தார்கள். அப்போது ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தவர் ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன். அப்படி மறுக்கிற பஸ்ஸின் லைசென்ஸ் ரத்தாகும் என்று அவர் உத்தரவு போட்டார். உங்கள் அருப்புக்கோட்டை அன்றைக்கு அந்த ஜில்லாவில்தான் இருந்தது. மகளிடம் லத்தீனைச் சொல்லும்போது இந்த உத்தரவையும் அவசியம் சொல்லுங்கள்.