நீங்கள் நேரில் பார்த்தவற்றில் மறக்க முடியாத விளையாட்டுப் போட்டி எது?

2017 பெப்ரவரி 20, திங்கட்கிழமை இரவு. இங்கிலாந்தின் சின்னக் கழகங்களும் பெரிய கழகங்களும் மோதும் எஃப்.ஏ. கிண்ணக் கால்பந்து, ஐந்தாம் சுற்று. எங்கள் சட்டன் யுனைடெட் எதிர் ஆர்சனல். 0-2 என்று தோற்றோம். இருந்தாலும் என் பதில் இதுதான்.

சட்டன், லண்டனின் தெற்கு ஓரம். நான் டூட்டிங்கில் வாடகைக்கு இருந்து, கட்டுப்படியாகும் வீடு தேடி அங்கே போனவன். வெஸ்ட் சட்டன் ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் கேண்டர் கிரீன் லேன் மைதானம். ஊரில் கழகச் சுற்றுப்போட்டிகளைக் கோட்டோரம் நின்று பார்த்துப் பழகியவனுக்கு, ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் திட்டுவதுகூடக் காதில் விழும் இந்த இடம் முதல் சனிக்கிழமையே பிடித்துவிட்டது. என் அக்கா வீட்டில் எல்லாரும் ஆர்சனல். "ஐந்தாம் தட்டு அணிக்கெல்லாம் ஒருவன் காசு கொடுத்துப் போவானா?" என்று அத்தான் கேட்காத பொங்கல் கிடையாது.

உண்மையில், இங்கிலாந்துக் கால்பந்து லீக் வரிசையில் நாங்கள் ஐந்தாம் தட்டுதான். அன்றைக்கு ஆர்சனலுக்கும் எங்களுக்கும் இடையே 105 இட வித்தியாசம். அந்தச் சுற்றுவரை வந்ததே பெரிய கதை. மூன்றாம் சுற்றில் ஏ.எஃப்.சி. விம்பிள்டனோடு 0-0. மறு ஆட்டத்தில் அவர்கள் மைதானத்துக்கே போய் 3-1. நான்காம் சுற்றில் லீட்ஸ் வந்தது. ஜேமி காலின்ஸ் அடித்த பெனால்டியில் 1-0. இறுதி விசில் ஊதியதும் சனம் தரைக்குள் இறங்கிவிட்டது, நானும்தான். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றினால் கறுப்பு ரப்பர்த் துகள் கொட்டியது. எங்களுடையது அப்போது செயற்கைப் புல்தரை. (இப்போது முதற்சுற்று முதலே மறு ஆட்டம் இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். பெரிய கழகங்களின் கால்வலிக்குச் சின்னக் கழகங்களிடம் மருந்து பிடுங்குகிறார்கள் என்பது என் எண்ணம்.)

பழைய ஆட்களுக்கு 1989 இருந்தது. 1987இல் கிண்ணம் வென்ற கொவென்ட்ரியை இதே மைதானத்தில் 2-1 என்று சாய்த்த கதை. டோனி ரெயின்ஸ், மேத்யூ ஹன்லன் ஆளுக்கொரு கோல். அடுத்த சுற்றில் நாரிச்சிடம் 8-0 என்று வாங்கிக் கட்டியதை யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டால்தான் சொல்வார்கள். பக்கத்தில் நிற்பவர்கள் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சொல்ல ஒன்றும் இருந்ததில்லை.

ஆர்சனல் என்று குலுக்கலில் வந்ததும் வருடக்கணக்காகப் பேசாத சொந்தமெல்லாம் தொலைபேசியில் நலம் விசாரித்தது. வரிசையில் நின்று இரண்டு டிக்கெட் வாங்கினேன். இரண்டாவது, பதினொரு வயது மருமகனுக்கு. அக்காவின் மகன், அப்பனைப் போலவே ஆர்சனல். உள்ளூர் ரசிகர்கள் நிற்கும் பக்கம் என்பதால், கோட்டுக்குள் போட்டிருந்த சிவப்புச் சட்டை வெளியே தெரியாமல் கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டேன்.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. இரண்டு நாள் முன்புதான் எங்கள் லீக்கைச் சேர்ந்த லிங்கன் சிட்டி, முதல் தட்டிலிருந்த பேர்ன்லியை அதன் மைதானத்திலேயே வென்றிருந்தது. காலிறுதிக் குலுக்கலில், எங்கள் ஆட்டத்தில் வெல்பவர் லிங்கனோடு மோத வேண்டும் என்று விழுந்தது. நாங்கள் வென்றால் ஐந்தாம் தட்டு அணி ஒன்று அரையிறுதிக்குப் போவது உறுதி. ஆர்சனலோ ஐந்து நாள் முன்பு மியூனிக்கில் பயர்னிடம் 5-1 வாங்கி வந்திருந்தது. நடக்காது என்று தெரியும். தெரிந்தும் கணக்குப் போட்டுக்கொண்டே நின்றேன்.

5,013 பேர். பாதி நேரம் எனக்கு முன்னால் நின்றவரின் பிடரிதான் தெரிந்தது. 26ஆம் நிமிடம் லூகாஸ் பெரெஸ் உள்ளே அனுப்பிய பந்து யார் காலிலும் படாமல் நேரே வலைக்குள் போனது. அடித்ததா, அனுப்பியதா என்று அவருக்கே வெளிச்சம். மருமகன் அசையவில்லை. கோட்டுப் பைக்குள் கை மட்டும் முஷ்டியாக இறுகியதைப் பார்த்தேன். 55ஆம் நிமிடம் தியோ வால்காட், ஆர்சனலுக்காக அவருடைய நூறாவது கோல். அதற்கும் அசையவில்லை. நல்ல பிள்ளை.

நான் சொல்ல வந்தது இரண்டாம் பாதியில் நடந்தது. ரோரி டீக்கன், சின்ன வயதில் ஆர்சனலின் இளையோர் அணியில் வளர்ந்தவர், ஏறத்தாழ 25 யார் தூரத்திலிருந்து அடித்தார். காலை விட்டுப் பந்து கிளம்பியதுமே எங்கள் பக்கம் பேச்சு அடங்கிவிட்டது. பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டது. தொலைக்காட்சியில் அந்தச் சத்தம் வராது. இரும்புக் கேற்றை யாரோ காலால் உதைத்தது போல் இருந்தது, கம்பம் அதிர்ந்தது. "ஐயோ!" என்று தமிழில் கத்தினேன். கூடவே இன்னொரு "ஐயோ!" கேட்டது. திரும்பிப் பார்த்தால் மருமகன். இரண்டு கையும் தலையில், ஜிப் பாதி இறங்கி, உள்ளே சிவப்புச் சட்டை அப்படியே தெரிகிறது. பக்கத்தில் நின்ற கிழவர் அதைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் ஜிப்பை மேலே ஏற்றிவிட்டார்.

இப்போதும் சட்டன் என்று சொன்னால் எதிரே இருப்பவர் சிரிப்பார். அந்த ஆட்டத்தில் எங்கள் மாற்றுக் கோல்காப்பாளர், 45 வயதுக்காரர், கடைசி நிமிடங்களில் இருக்கையில் இருந்தபடி 'பை' (pie) என்ற சுட்ட மாவுப் பண்டத்தைத் தின்றதைத் தொலைக்காட்சி காட்டியது. அவர் அப்படித் தின்பார் என்று ஒரு பந்தய நிறுவனம் முன்கூட்டியே எட்டுக்கு ஒன்று என்று பணம் வாங்கியிருந்தது. மறுநாளே அவர் பதவி விலக வேண்டியதாயிற்று. பிறகு அபராதமும் இரண்டு மாதத் தடையும். தின்றது தப்பா என்று இன்றைக்கும் எங்களுக்குள் சண்டை உண்டு. எனக்கு அதைவிட, டீக்கனின் உதையை ஊர் மறந்ததுதான் எரிச்சல். மைதானத்தில் நின்ற நாங்கள் அந்தப் பையைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் அக்கா தொலைபேசியில் அழைத்தாள். பிள்ளைக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, இரவு முழுவதும் ஏதோ கம்பத்தைப் பற்றியே பேசினான் என்றாள். நான் விளக்க வாயெடுப்பதற்குள் அத்தான் தொலைபேசியை வாங்கிவிட்டார்.

"தம்பி, உங்கள் மைதானத்தில் பை என்ன விலை?"