கடன் கொழுந்தனாருக்கு, போன் எனக்கு

வணக்கம் சார். சேலம் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். என் கொழுந்தனார் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் பைக் லோன் வாங்கிவிட்டு தவணை கட்டாமல் இருக்கிறார். ரெஃபரன்ஸ் என்று என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். காலை ஆறரைக்கே போன் வருகிறது, எடுத்தால் அசிங்கமான பேச்சு. ஒரு நம்பரை பிளாக் செய்தால் இன்னொன்றிலிருந்து வருகிறது. போன வாரம் பட்டறை முதலாளிக்கே போன் போட்டு என்னைப் பற்றிக் கேவலமாகப் பேசியிருக்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் என் சித்தப்பா மகன், அங்கே இதற்கு கேஸ் போட்டு ஒவ்வொரு காலுக்கும் பணம் வாங்கலாம் என்கிறான். இங்கே முடியுமா?
– ம., சிவதாபுரம்

அன்புள்ள ம.,

முதலில் கொழுந்தனாரை உட்காரவைத்து லோன் பேப்பரை வாங்கிப் பாருங்கள். ஜாமீன்தாரர் என்று உங்கள் கையெழுத்து இருந்தால் பணம் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு (அப்போதும் அசிங்கமாகப் பேச உரிமை இல்லை). வெறும் ரெஃபரன்ஸ் என்றால் அந்தக் கடனில் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட பொறுப்பு கிடையாது, "நீங்கதானம்மா கட்டணும்" என்று போனில் பேசுகிறவன் நூறு தடவை சொன்னாலும் கிடையாது. தொல்லை விட்டால் போதும் என்று ஆயிரம் ரெண்டாயிரம் அனுப்பிவிடாதீர்கள். இந்த நம்பரை மிரட்டினால் பணம் வரும் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் விடவே மாட்டார்கள்.

தம்பி சொன்னது அந்த ஊருக்குச் சரி. அங்கே 1991-ல் வந்த ஒரு சட்டப்படி, சம்மதமில்லாமல் தானியங்கி டயலரிலோ பதிவுக் குரலிலோ செல்போனுக்கு அழைத்தால் ஒரு அழைப்புக்கு 500 டாலர், தெரிந்தே செய்தால் 1,500 வரை கேட்கலாம். நம் சட்டத்தில் இப்படி காலுக்கு இவ்வளவு என்று போடவில்லை. ஆனால் ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் போட்ட உத்தரவு தெளிவாகவே இருக்கிறது: வசூல் போன் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7-க்குப் பிறகும் கூடாது, மிரட்டக் கூடாது, கடனாளியின் குடும்பத்தார், நண்பர், ரெஃபரன்ஸாகப் பெயர் கொடுக்கப்பட்டவர் யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது. ஏஜென்ட் செய்ததற்குக் கம்பெனிதான் பொறுப்பு. அதனால் போனில் பேசும் பையனிடம் சண்டை போட்டு தொண்டையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், அவன் கமிஷனுக்குப் பேசுகிறவன். கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள்.

30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், கட்டணம் கிடையாது. ஒரு சிக்கல், அந்தக் கம்பெனிக்கு வாடிக்கையாளர் உங்கள் கொழுந்தனார்தான், நீங்கள் இல்லை. உங்கள் பெயரில் மட்டும் போனால் அதைச் சொல்லியே தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். நுகர்வோர் கோர்ட்டிலும் இதே வாதம் வரும். அதனால் புகாரில் அவர் கையெழுத்துப் போடட்டும். கூச்சப்படுவார், அந்தக் கூச்சம் அண்ணியின் நம்பரை எழுதிக்கொடுக்கும்போது வந்திருக்க வேண்டும்.

போலீஸ் புகாருக்கு இந்தச் சிக்கல் இல்லை, அதை உங்கள் பெயரிலேயே கொடுக்கலாம். பெண்ணிடம் ஆபாசமாகப் பேசுவது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த சட்டம்) 79-ஆம் பிரிவில் வரும், மிரட்டல் இருந்தால் 351. ஸ்டேஷனில் "பேசி முடிச்சுக்கோங்கம்மா" என்று அனுப்பப் பார்த்தால் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரை வாங்கிக்கொண்டதற்கான அத்தாட்சி) வாங்காமல் வராதீர்கள். கால் ரெக்கார்டிங் இருக்கிற போனை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம், கோர்ட்டில் அதைக் காட்ட சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) 63-ஆம் பிரிவு சான்றிதழ் கேட்பார்கள், அப்போது அந்த போனே கையில் இருந்தால் நல்லது.

வக்கீலுக்குச் செலவு என்று தயங்க வேண்டாம். அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வக்கீல் தருவார்கள். போகும்போது உங்கள் முதலாளியிடம் எந்தத் தேதி, எந்த நம்பர், என்ன சொன்னான் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். உங்கள் விஷயத்தில் கம்பெனி பதில் சொல்லத் திணறப்போவது அந்த ஒரு காலுக்குத்தான்.