கையேட்டில் இல்லாத கடல்நத்தை புதிய இனமா?

கேள்வி: மாலத்தீவில் டைவிங் போனபோது பவளப்பாறையில் ஓடில்லாத கடல்நத்தை ஒன்றைப் படமெடுத்தேன். மஞ்சள் கலந்த பழுப்பு உடல், நிறைய ஊதாப் புள்ளிகள். கையேட்டில் எதனோடும் பொருந்தவில்லை. புதிய இனமா? நானே பெயர் வைக்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். படத்தைப் பார்த்தால் கோனியோபிராங்கஸ் பேரினம் என்றே தெரிகிறது. அதற்குள்தான் சிக்கல். ஊதாப் புள்ளியோடு ஒன்றுபோலத் தோன்றும் இனங்கள் குனியே, ஜெமினஸ், டிரிட்டோஸ், கிளெனியே எனக் குறைந்தது நான்கு. பிரித்தறியப் புள்ளியை எண்ணிப் பயனில்லை; புடவையைப் போல இதற்கும் கரைதான் அடையாளம். குனியேவுக்கு நீலமும் ஊதாவுமாக இரட்டைக் கரை, புள்ளிகளைச் சுற்றி வெளிர்நீல வளையம். ஜெமினஸுக்கு வெள்ளையும் சேர்ந்து பல அடுக்காக ஓடும். உங்கள் படத்திலோ ஓரம் மடங்கிக் கிடக்கிறது. இவை ஊரும்போது ஓரத்தைத் தூக்கித் தூக்கி இறக்கும் என்பதால், ஒரே படத்தோடு நிறுத்தாமல் தொடர்ச்சியாக எடுக்க வேண்டும்.

டிரிட்டோஸ் 1994இல் மாலத்தீவிலிருந்தே விவரிக்கப்பட்டது. கிளெனியே அதைவிடப் பழையது. இலங்கையில் பிறந்த மருத்துவர் கெலார்ட் 1858இல் இட்ட பெயர். திருகோணமலைக் கடலில் அவர் பார்த்தவை பல. அந்தக் காலத்து விவரணைகள் சில வரிகளில் முடிந்துவிடும். புது இனம் என்று சொல்பவர் முதலில் இந்தப் பழைய பெயர்களைத் தாண்டியாக வேண்டும். 2012 வரை இவற்றைக் குரோமோடோரிஸ் என்றே எழுதினார்கள். அந்தப் பெயரிலும் தேடுங்கள்.

நிறத்தையும் முழுதாக நம்பாதீர்கள். ஹிப்செலோடோரிஸ் ஈபா என்ற இனத்தில் ஊதா உடலும் உண்டு, பால்வெள்ளை உடலும் உண்டு. வேறு வேறு இனம் போலத் தெரிந்த அவை ஒன்றே என்று மரபணு காட்டியது. கலிபோர்னியா அறிவியல் கழகத்தின் காஸ்லினர் குழு அதற்குப் பெயரிட்டது 2018இல்தான். மாறாக, ஒரே நிறத்தில் இரண்டு இனம் ஒளிந்திருப்பதும் உண்டு.

பெயர் வைக்கப் படம் மட்டும் போதாது. உடல் வேண்டும்: வாய்க்குள் இருக்கும் நுண்பல் நாடா, இனப்பெருக்க உறுப்புகளின் அமைப்பு, மரபணு வரிசை எல்லாம் ஒப்பிட்டு, மாதிரியை அருங்காட்சியகத்தில் வைத்து, ஆய்விதழில் வெளியிட வேண்டும். ஃபார்மலினில் போட்டால் மரபணு கெட்டுவிடும் என்பதால் திசுவுக்கு 95% எத்தனால். இதெல்லாம் அனுமதி பெற்ற ஆய்வாளர் வேலை. நீங்கள் ஒன்றைக்கூட எடுத்து வராதீர்கள்.

உங்களால் ஆகக்கூடியது வேறு. தலைக் கொம்புகள், முதுகின் பின்பக்கச் செவுள்கள், பக்கவாட்டில் பாதம், பக்கத்தில் ஒரு அளவுகோல் என எல்லாம் படத்தில் வரட்டும். ஆழத்தைக் குறியுங்கள். அது மேயும் கடற்பஞ்சையும், முட்டை நாடா தென்பட்டால் அதையும் விடாதீர்கள். பலரும் நத்தையை மட்டும் அழகாக எடுத்துவிட்டுப் பஞ்சைப் படத்திலிருந்து வெட்டிவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பஞ்சுதான் முக்கியம். ஓரம் விரிந்த படம் கிடைத்தால் அனுப்புங்கள், டிரிட்டோஸா கிளெனியேயா என்று பார்ப்போம்.