இரண்டு குழாய்க்கும் எட்டாத இடம்

கேள்வி: அண்ணனுக்கு வயது 54. ஐந்து மாதமாக இரும்புச்சத்து மாத்திரை எடுத்தும் ஹீமோகுளோபின் 8-ஐத் தாண்டவில்லை. சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிடிக்கிறது. எண்டோஸ்கோப்பி, கொலோனோஸ்கோப்பி இரண்டும் நார்மல். குட்டிக் கேமரா உள்ள கேப்சூல் விழுங்கச் சொல்கிறார்கள். சிறுகுடல் புற்றுநோயாக இருக்குமோ?

பதில்: அபூர்வமான நோய்தான். ஆனாலும் அது இல்லை என்று உறுதியாகும்வரை தேட வேண்டும். வாய் வழியாகப் போகும் குழாய் பெரும்பாலும் டியோடினத்தின் (சிறுகுடலின் தொடக்கம்) இரண்டாம் பகுதியோடு நின்றுவிடும். ஆசனவாய் வழியாகப் போவது சிறுகுடலின் கடைசிச் சில அங்குலத்தைத்தான் எட்டும். நடுவே பல மீட்டர் குடல் யார் கண்ணிலும் படவில்லை. ரத்தம் கசிகிறதா என்று மலத்தின் நிறத்தை வைத்தும் முடிவு செய்ய முடியாது. மாத்திரையே அதைக் கறுப்பாக்கும்.

கேப்சூலுக்கு அவசரப்பட வேண்டாம். அது சுமார் 26 மி.மீ. நீளம், 11 மி.மீ. தடிமன். அடினோகார்சினோமா என்ற வகைச் சிறுகுடல் புற்றுநோய் குடலை வளையம்போல் சுற்றி இறுக்கும். சாப்பிட்டதும் வரும் முறுக்குவலி அந்த இறுக்கத்தால் இருக்கலாம். அங்கே கேப்சூல் சிக்கினால் எடுக்க ஆபரேஷன் வரை போக நேரிடும்.

முதலில் சி.டி. என்டரோகிராபி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். இது சாதாரண வயிற்று சி.டி. அல்ல. மன்னிட்டால் என்ற சர்க்கரை வகைப் பொருள் கலந்த தண்ணீரை ஏறத்தாழ ஒன்றரை லிட்டர், முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் கொஞ்சங்கொஞ்சமாகக் குடித்து, குடல் விரிந்தபின் எடுப்பது. மடமடவென்று குடித்தால் வாந்தி வரும். பாதியில் நிறுத்தினால் சுருங்கிக் கிடக்கும் நல்ல குடலே கட்டி மாதிரி தெரியும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டு போங்கள். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, வாயு பிரியவில்லை என்றால் மட்டும் ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

ஸ்கேனில் குடல் ஓரிடத்தில் குறுகியிருப்பது தெரிந்தால் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது காசநோய். பெரும்பாலும் அந்தக் கணிப்பு சரியாகவே இருக்கும். ஆனால் பயாப்சி (சதைத் துணுக்குச் சோதனை) எடுக்க வழியிருந்தும் எடுக்காமல் ஆறு மாத மருந்து தொடங்கினால், உள்ளே இருப்பது புற்றுநோயாயின் அந்த ஆறு மாதமும் அதற்கே லாபம். சிறுகுடலின் உள்ளே ஆழமாகப் போகும் பலூன் என்டரோஸ்கோப்பியில் சதை எடுக்கலாம், எட்டாவிட்டால் லேப்பராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்வது).

புற்றுநோய் என்று உறுதியாகி, பரவாமல் இருந்தால், அந்தத் துண்டைச் சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகளோடு வெட்டி எடுப்பார்கள். ரிப்போர்ட்டில் குறைந்தது 8 முடிச்சுகள் பார்த்திருக்கிறார்களா என்று எண்ணிப் பாருங்கள். எம்.எம்.ஆர். சோதனையும் (செல்லின் டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் புரதங்கள் கட்டியில் இருக்கின்றனவா என்று பார்ப்பது) கட்டாயம். அதில் குறைபாடு இருந்தால் இம்யூனோதெரபி (உடலின் நோயெதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் சிகிச்சை) பற்றி யோசிக்கலாம். குடும்பத்தில் வழிவழியாக வரும் லிஞ்ச் சிண்ட்ரோம் என்று மரபணுச் சோதனையில் தெரிந்தால், உடன்பிறந்த உங்களுக்கும் அதே சோதனை வேண்டும்.