நாய், பூனையைவிட ஆமை வளர்ப்பது சுலபமா?

"அபார்ட்மென்டில் இருக்கிறோம், நாய், பூனை சரிப்படாது. ஆமை என்றால் வேலையே இல்லை என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் ஒரு பிள்ளை அடம்பிடிக்கிறது, நீங்களும் பாதி சம்மதித்தாயிற்று, மீதிச் சம்மதத்துக்கு இங்கே ஆள் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். தப்பான ஆளிடம் வந்துவிட்டீர்கள். வேலையே இல்லை என்று சொன்னவர் ஆமை விற்பவராக இருப்பார், இல்லாவிட்டால் அவர் வீட்டு ஆமை ரொம்ப நாள் இருந்திருக்காது.

நீங்கள் கடையில் பார்த்தது கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட குட்டிப் பச்சை ஆமையாகத்தான் இருக்கும். ஸ்லைடர் என்பார்கள். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கம்தான் அதற்குப் பூர்வீகம். நட்சத்திர ஆமையோ நம் குளத்து ஆமையோ யாராவது ரகசியமாகத் தருகிறேன் என்றால் அந்தப் பக்கமே தலைவைக்காதீர்கள். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், ஜெயில் வரைக்கும் போகும். நட்சத்திர ஆமைக்கு 2019 முதல் உலக அளவிலேயே வணிகத் தடை இருக்கிறது. அதற்கப்புறமும் கடத்துகிறார்கள் என்பது வேறு கதை.

எங்கள் வீட்டு ஆமையை நாங்கள் வாங்கவில்லை. கொழுந்தனார் குடும்பம் மஸ்கட் கிளம்பியபோது "ஒரு ஆறு மாசம் பார்த்துக்கோங்க அண்ணி" என்று விட்டுவிட்டுப் போனார்கள். பல வருஷம் ஆகிறது, அந்த ஆறு மாசம் இன்னும் முடியவில்லை. பெயர் வேலு. அவர் பையன் வைத்தது.

வேலு வந்தது ஒரு பிளாஸ்டிக் டப்பாவில். நடுவில் குட்டித் தீவு, தீவில் பிளாஸ்டிக் தென்னை மரம், கூடவே காய்ந்த இறால் ஒரு பாக்கெட். இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருந்தன. ஓட்டின் ஓரத்தை லேசாக அழுத்தினால் நமத்த அப்பளம் மாதிரி வளைந்தது. "அது எப்பவும் தூங்கிட்டே இருக்கும் அண்ணி, தொந்தரவே இல்லை" என்றார் கொழுந்தனார். தூங்கவில்லை, செத்துக்கொண்டிருந்தது. அவரை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். அந்த டப்பாவும் அந்த இறாலும் போதும் என்று சொல்லித்தான் கடையில் கொடுத்திருக்கிறார்கள்.

வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நாய்கள் வரிசையில் மடியில் டப்பாவோடு உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான். டாக்டர் பார்த்ததுமே இரண்டு விஷயம் சொன்னார். கண் வீக்கம் வைட்டமின் ஏ குறைவால். வெறும் காய்ந்த இறாலைப் போட்டு வளர்த்தால் இப்படித்தான் ஆகுமாம். ஓடு மெத்தென்று இருப்பது சுண்ணாம்புச் சத்தும் வெயிலும் இல்லாததால். "ஜன்னல் ஓரமாத்தான் வெச்சிருந்தாங்க, வெயில் படுமே" என்றேன். கண்ணாடி வெளிச்சத்தை விடும், சூட்டை விடும், ஆனால் ஆமைக்கு வேண்டிய புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும் என்றார். அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உண்டாகும், அது இருந்தால்தான் தின்கிற சுண்ணாம்பு எலும்புக்கும் ஓட்டுக்கும் போய்ச் சேரும். வீட்டுக்குள்ளேயே வைப்பதாக இருந்தால் அதற்கென்று தனி விளக்கு வேண்டும். அதையும் வருஷத்துக்கொரு தடவை மாற்ற வேண்டும், ஏனென்றால் பல்பு எரிந்துகொண்டே இருக்கும், கதிர் மட்டும் தேய்ந்துபோயிருக்கும்.

ஊசி போட்டார்கள். வைட்டமின் ஏ தானே, நாமே வாங்கிப் போட்டுவிடலாம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். அளவு கூடினால் தோல் உரிந்துவிடும். மற்றதெல்லாம் வீட்டு வைத்தியம்தான். கணவாய் ஓட்டை நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் தருவார்கள், மலிவு. அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டேன், அதுவே கொறித்துக்கொண்டது. கேரட்டும் மஞ்சள் பூசணியும் துருவிப் போட்டேன். வாரம் ஒரு நாள் பச்சை நெத்திலி, முள்ளோடு. கருவாடு வேண்டாம், உப்பு. பாலக் கீரையைத் தினமும் போடாதீர்கள், அது சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. குட்டியில் கறி, மீன் நிறையக் கேட்கும், வளர வளர இலை தழைக்கு மாறும். கண் சீக்கிரமே திறந்துவிட்டது. ஓடு கெட்டியாகப் பல மாதம் பிடித்தது.

அடுத்தது இடம். உள்ளங்கையில் அடங்குகிற குட்டி, பெண்ணாக இருந்தால் 25, 30 சென்டிமீட்டர் வரை வளரும். ஓட்டின் நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் சுமார் 40 லிட்டர் தண்ணீர் என்பது வளர்ப்பவர்கள் சொல்லும் கணக்கு. நீங்களே பெருக்கிப் பாருங்கள். தண்ணீரை விட்டு முழுசாக ஏறிக் காய்வதற்கு ஒரு மேடையும் வேண்டும். எங்கள் பிளாட்டின் மொட்டைமாடியில் ஒரு மூலை கிடைத்தால் போதும் என்று அசோசியேஷனில் எழுதிக் கேட்டேன். செக்ரட்டரி வாட்ஸ்அப் குழுவில் பொதுவில் போட்டார்: "ஊரே தண்ணீர் லாரிக்கு நிற்கும்போது ஆமைக்கு நீச்சல் குளம் தேவையா?" கீழே பத்துப் பேர் கைதட்டும் பொம்மை. அதே மனிதர் தன் இரண்டு காரையும் தினமும் காலையில் ஹோஸ் போட்டுக் கழுவுகிறார். அந்தத் தண்ணீர் வழிந்து லிஃப்ட் குழிக்குள் இறங்கி லிஃப்ட் பழுதானதற்கு எல்லோரிடமும் சமமாகப் பணம் பிரித்தார்கள். முழங்கால் வலியோடு என் மாமியார் மூன்று மாடி ஏறி இறங்கினார். பில் கேட்டேன், இன்றுவரை கண்ணில் காட்டவில்லை. சரி, அதை விடுங்கள்.

கடைசியில் பால்கனிதான். தெரிந்த இன்ஜினீயரிடம் எடை தாங்குமா என்று கேட்டு, சுவரை ஒட்டி 300 லிட்டர் கறுப்புத் தொட்டி வைத்தோம். செங்கல் அடுக்கி மேலே ஓடு போட்டு மேடை. பாதிக்கு நிழல் வலை, ஏனென்றால் நம் சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் கொதித்து ஆமை வெந்துவிடும். காக்கைக்குப் பயந்து மேலே நைலான் வலை. தீனியைத் தனி டப்பில் போட்டு, தின்று முடித்ததும் தொட்டிக்கு மாற்றினால் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் நாறாது. இருந்தாலும் ஃபில்டர் கட்டாயம். கழிவுத் தண்ணீர் முழுக்க ரோஜாத் தொட்டிக்குப் போகிறது, ஒரு சொட்டுகூட வீணில்லை. செக்ரட்டரி படித்தால் படிக்கட்டும்.

இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு தை மாதம் வேலு சாப்பாட்டை நிறுத்தியது. மேடையில் ஏறிப் பின்னங்காலால் அங்கே போட்டிருந்த ஓட்டைப் பறண்டும், தொட்டிச் சுவரில் தொற்றும், விழும், மறுபடி தொற்றும். ராத்திரி முழுக்க இதே சத்தம். மறுபடி வேப்பேரி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் வயிற்றில் வரிசையாக முட்டை! ஆண் ஸ்லைடருக்கு முன்னங்கால் நகம் நீளமாக, வால் தடிமனாக இருக்குமாம். குட்டியில் வித்தியாசம் தெரியாது. பெயர் வைத்தவனுக்கு அப்போது ஏழு வயது, அவனுக்கு என்ன தெரியும்?

ஆண் துணை இல்லாமலேயே கோழி மாதிரி இதுவும் முட்டையிடும், பொரிக்காது, அவ்வளவுதான். ஆனால் தோண்டிப் புதைக்க மண் இல்லையென்றால் முட்டையை உள்ளேயே அடக்கிக்கொள்ளும், அது உயிருக்கே ஆபத்து. கட்டட வேலை நடந்த இடத்தில் மணல் கேட்டு வாங்கி, செம்மண் கலந்து, ஈரம் பண்ணி, பெரிய டப்பில் ஓரடி உயரத்துக்கு நிரப்பினோம்.

என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆமை வந்த நாளிலிருந்து "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று காலையில் காபியோடு ஒரு தடவை, ராத்திரி மாத்திரையோடு ஒரு தடவை சொல்லுவார். லிஃப்ட் நின்றதற்கும் வேலுதான் காரணம். எக்ஸ்ரேயைக் காட்டியதும் ஆளே மாறிவிட்டார். "புள்ளத்தாச்சியப் போயி இப்படி அலைய விடறியே" என்று என்னைத் திட்டிவிட்டு, பால்கனிக் கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். யாரையும் அந்தப் பக்கம் விடவில்லை. வேலு மண்ணைத் தன் தண்ணீரால் நனைத்து, பின்னங்காலாலேயே குழி பறித்து, ஏழு முட்டை இட்டு, மூடி, வயிற்றால் தட்டிச் சமமாக்கியதை முதலில் பார்த்தவர் அவர்தான். பழமொழி அதற்கப்புறம் நின்றுபோனது. இதைப் படித்துவிட்டு, அப்போ வாஸ்துப்படி ஆமை நல்லதா என்று ஆரம்பிக்காதீர்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கண்ணாடி ஆமைக்காவது தண்ணீர் மாற்ற வேண்டாம், அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

"எங்கள் பெரியப்பா வீட்டுக் கிணற்றில் ஆமை இருந்தது, யார் விளக்குப் போட்டார்கள், யார் கேரட் துருவினார்கள்?" என்று ஒருவர் கட்டாயம் வருவார். ஐயா, கிணற்றில் மீன் இருந்தது, தவளை இருந்தது, உச்சி வெயில் நேராக விழுந்தது. பிளாஸ்டிக் தென்னை மரத்தில் என்ன இருக்கிறது? அதோடு அது நம் ஊர் ஆமை, இன்றைக்கு அப்படிப் பிடித்துப் போட்டால் வனத்துறை வரும்.

பிள்ளை இருக்கிற வீடு என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பார்க்க நோய் எதுவும் இல்லாத ஆமையின் மேலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள குட்டிகளை விற்பதை 1975லேயே தடை செய்தார்கள், பிள்ளைகள் வாயில் வைத்துக் காய்ச்சலில் விழுந்ததால்தான். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சமையலறைத் தொட்டியில் ஆமையையோ அதன் பாத்திரத்தையோ கழுவவே கூடாது. ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன்.

இன்னொன்று, இது இருபது முப்பது வருஷத்துச் சமாச்சாரம். உங்கள் பிள்ளை காலேஜ் போனபின்பும் தண்ணீர் மாற்றப்போவது நீங்கள்தான். சலித்துப்போய்க் கோவில் குளத்தில் விட்டுவிட்டுப் புண்ணியம் என்று நினைக்கிறவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். ஊர் ஆமையின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடுங்கிக்கொள்வதால், உலகின் மோசமான 100 அந்நிய ஊடுருவல் இனங்கள் பட்டியலில் இந்த ஸ்லைடரும் இருக்கிறது. ஜப்பானில் 2023 ஜூன் முதல் இதை விற்பதற்கும் வெளியே விடுவதற்கும் தடை.

அதனால், "கொளத்தூரில் எந்தக் கடை, என்ன விலை" என்று எனக்கு மெசேஜ் அனுப்ப வேண்டாம், பதில் போட மாட்டேன். எப்படியும் வளர்ப்பது என்று முடிவு செய்துவிட்டால், வெளிநாடு போகிறவர்களோ வீடு மாறுகிறவர்களோ வேண்டாமென்று கொடுக்கும் ஆமை ஒன்றை விசாரித்து எடுத்துக்கொள்ளுங்கள், நிறையவே கிடைக்கும். அப்படி எடுத்தபின் தொட்டி, ஃபில்டர், தீனி என்று எது கேட்டாலும் சொல்கிறேன். பால்கனி எந்தத் திசை என்பதையும் எழுதுங்கள், வெயிலைப் பொறுத்துத்தான் எல்லாமே.