மல ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்து, பயப்பட வேண்டுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 34 வயது. போன வருஷம் என் அண்ணனுக்கு 39 வயதில் பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்து ஆபரேஷன் ஆனது. சின்ன வயதிலேயே இது வரக் குடல் பாக்டீரியா ஒரு காரணம் என்று படித்துவிட்டு, ஆன்லைனில் மலப் பரிசோதனைக்கு அனுப்பினேன். ‘ஈ.கோலை அதிகம்’ என்று சிவப்பில் போட்டு, மூன்று மாத புரோபயாட்டிக் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா, இல்லை ஆன்டிபயாடிக் போட்டு மொத்தமாக ஒழித்துவிடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஈ.கோலை எல்லார் குடலிலும் இருக்கிறது, என் குடலிலும்தான். வம்பு செய்வது அதில் சில ரகங்கள் மட்டும். கோலிபாக்டின் என்று ஒரு நச்சை அவை சுரக்கின்றன. அது டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும், செல் அதைப் பிரித்துச் சரிசெய்யப் போய் அங்கங்கே டிஎன்ஏவின் எழுத்து பிசகும்.

நெதர்லாந்தில் ஆய்வகத்தில் வளர்த்த குட்டிக் குட்டிக் குடல் உருண்டைகளுக்குள் இந்த ரகத்தை ஐந்து மாதம் திரும்பத் திரும்பச் செலுத்திப் பார்த்தார்கள். ஒரு தனி மாதிரியான பிசகுகள் விழுந்தன, அதே பிசகுகள் நோயாளிகள் சிலரின் கட்டியிலும் இருந்தன. இது 2020. அப்புறம் 2025ல், 11 நாடுகளைச் சேர்ந்த 981 கட்டிகளைப் படித்தபோது, 70 வயதுக்கு மேல் நோய் வந்தவர்களைவிட 40க்குள் வந்தவர்களிடம் கோலிபாக்டின் விட்டுப்போன இந்தப் பிசகுகளின் தடம் 3.3 மடங்கு அதிகமாக இருந்தது. தடம் விழுந்தது பெரும்பாலும் பத்து வயதுக்குள் என்பது அவர்கள் கணக்கு. அதாவது திருடன் வந்துபோய் கால் நூற்றாண்டு ஆகியிருக்கலாம், நீங்கள் இன்றைக்கு வாசலில் நிற்பவனைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். ஆன்டிபயாடிக் அந்தப் பழைய தடத்தை அழிக்காது, நல்லது கெட்டது பார்க்காமல் மற்ற பாக்டீரியாவைத்தான் அழிக்கும்.

சரி, உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ரிப்போர்ட் இல்லை, அண்ணனின் வயது. கூடப் பிறந்தவருக்கு 39ல் வந்தால், அதிலிருந்து பத்து கழித்து 29லேயே நீங்கள் கொலோனோஸ்கோபி (கேமரா வைத்த குழாயைவிட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்திருக்க வேண்டும். ஐந்து வருஷம் தள்ளிப்போய்விட்டது (அண்ணனுக்கே போன வருஷம்தான் தெரிந்தது, உங்கள் தப்பு இல்லை). பரிசோதனை பெரும்பாலும் அரை மணி நேரத்தில் தூக்கத்திலேயே முடிந்துவிடும், முந்தின நாள் அந்தப் பேதிக் கரைசலை லிட்டர் கணக்கில் குடிப்பதுதான் கொடுமை. பாலிப் (பின்னால் புற்றுநோயாக மாறக்கூடிய சின்னச் சதை வளர்ச்சி) இருந்தால் பெரும்பாலும் அப்போதே எடுத்துவிடுவார்கள். அண்ணனின் கட்டியில் லிஞ்ச் சிண்ட்ரோமுக்குப் பார்த்தார்களா என்றும் அவர் டாக்டரிடம் கேளுங்கள். குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிற பரம்பரை மரபணுக் கோளாறு அது, இருந்தால் உங்களுக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு.

கேள்வி: ஈறில் இருக்கும் பாக்டீரியாவும் குடல் புற்றுநோய் கொண்டுவருமாமே?

பதில்: ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டத்தைச் சொல்கிறீர்கள். வாயில் இருக்க வேண்டியது பெருங்குடல் கட்டியில் கூட்டமாக உட்கார்ந்திருப்பதை 2012ல் கனடாவிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே எழுதின. 2024ல் சியாட்டில் குழு, அதில் ஒரு கிளைதான் தாங்கள் பார்த்த கட்டிகளில் ஏறக்குறைய பாதியில் இருந்தது என்றது, அது வயிற்று அமிலத்தையும் தாங்குகிறதாம். ஆனால் கட்டியை உண்டாக்கியது இதுவா, கட்டி வந்தபின் இடம் பிடித்ததா என்பதில் சண்டை ஓயவில்லை, கோலிபாக்டின் மாதிரி டிஎன்ஏவில் இது கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொள்ளவில்லை. ஈறில் ரத்தம் கசிந்தால் பல் டாக்டரிடம் போங்கள், அதற்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் தேவையே இல்லை.