கேள்வி–பதில்: ஐந்தாவது பத்து ஓவர் யாருடையது?

கழகங்களுக்கு இடையிலான கடினப்பந்துச் சுற்றுப்போட்டிகள் முடிவுக்கு வரும் நேரம். மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்கள் அனுப்பியவற்றில் பாதிக்கு மேல் அணித் தெரிவு, பந்துவீச்சு பற்றிய கேள்விகள்தான். அதனால் இந்த இதழின் பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

அடுத்த ஞாயிறு எங்கள் கழகத்துக்கு 50 ஓவர் இறுதிப் போட்டி. மெட்டிங் ஆடுகளம் (தரைமேல் பாய் விரித்தது). மூன்றாவது வேகப்பந்து வீச்சாளரை எடுப்பதா, அவருக்குப் பதில் இன்னொரு சுழல்பந்து வீச்சாளரை எடுப்பதா என்று அணிக்குள் இரண்டு கட்சி. எது சரி?
— வாசகர், கல்லடி

பெயர்களைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். ஒரு தாளில் 1 முதல் 50 வரை கோடு போட்டு, ஒவ்வொரு ஓவரையும் யார் வீசுவார் என்று எழுதுங்கள். ஒருவருக்கு ஆகக்கூடியது 10 ஓவர். புதுப்பந்து வீசும் இருவருக்கு 20, முதன்மைச் சுழல்பந்து வீச்சாளர் இருவருக்கு 20 என்று போட்டால் 40 ஓவர் நிரம்பிவிடும். மிச்சமுள்ள அந்த ஐந்தாவது பத்து ஓவருக்குத்தான் நீங்கள் சண்டை பிடிக்கிறீர்கள். உள்ளூர்ப் போட்டிகளில் 180 ஓட்டத்தோடு நிற்க வேண்டிய எதிரணி 230ஐத் தாண்டிப் போவதும் பெரும்பாலும் இந்தப் பத்து ஓவருக்குள்தான்.

மூன்றாவது வேகப்பந்து வீச்சாளர் உங்கள் தாளில் எந்த ஓவருக்கு வருகிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் 11 முதல் 20 வரை வருவார். மெட்டிங்கிலும் நமது கரையோர மைதானங்களின் மணல் தரையிலும் உருண்ட பந்து அதற்குள் உரசுப்பட்டுவிடும். மினுக்கம் போனால் ஸ்விங்கும், அதாவது காற்றில் வளைவதும், போய்விடும். பிறகு மெட்டிங்கின் ஒரே சீரான துள்ளலில் மிதவேகப் பந்து துடுப்புக்கு நேராக வந்து சேரும், அடிப்பவருக்கு அது வசதி. சுழல்பந்துக்கு இது நேர்மாறு. பந்தின் தையல் பாயின் நாரைப் பிடிப்பதால் திருப்பமும் துள்ளலும் கிடைக்கும். ஆகவே பொதுவாகச் சுழல்தான். மூன்றாமவருக்கு நல்ல லெக் கட்டர் (விரலால் வெட்டி, வலதுகைக்காரருக்கு வெளியே விலகச் செய்யும் பந்து) இருந்தாலோ, அவர் உயரமானவராகிப் பந்தை விலா எலும்பு வரை எழுப்பக்கூடியவர் என்றாலோ அவரை விடாதீர்கள்.

முடிவெடுக்க முன் பாயைப் போய்ப் பாருங்கள். அடியில் சீமெந்து என்றால் பந்து வேகமாகவும் உயரமாகவும் எழும். உருளை போட்ட களிமண் என்றால் மெதுவாக வந்து கூடுதலாகத் திரும்பும். தோள் உயரத்தில் இருந்து பந்தை நாலைந்து இடங்களில் விழவிட்டுப் பார்த்தால் எங்கே எழும்புகிறது, எங்கே அமுங்குகிறது என்பது தெரியும். பாயை இழுத்துக் கட்டிய முளைகள் தளர்ந்திருந்தால் அது சுருங்கி, சரியாகப் பந்து விழும் இடத்தில் மடிப்பு விழும். அதில் பட்ட பந்து எழும்புமா தவழுமா என்று யாராலும் சொல்ல முடியாது. பந்து வீசுபவரின் முன்கால் பாயின் ஓரத்தில் தடக்குப்பட்டால் கணுக்காலும் போகும். இடைவேளையில் பாயை மறுபடி இழுத்துக் கட்டச் சொல்லி நடுவரிடம் கேட்பதில் வெட்கமில்லை. பாயில் ஆணிச் சப்பாத்து வேண்டாம், ரப்பர் அடிதான் பிடிக்கும்.

சுழலை நம்பி ஒரு பெரிய போட்டியை வெல்லலாமா என்று கேட்பவர்களுக்கு 1996 மார்ச் 17 லாகூரில் இலங்கை வென்ற உலகக் கிண்ண இறுதிப் போட்டியே பதில். அவுஸ்திரேலியாவுக்கு எதிரான 50 ஓவரில் வாஸ் 6, விக்ரமசிங்க 7, ஆக வேகம் 13 ஓவர் மட்டுமே. முரளிதரன் 10, தர்மசேன 10, அரவிந்த டி சில்வா 9, ஜயசூரிய 8 என்று சுழல் 37 ஓவர். விழுந்த 7 விக்கெட்டில் 6 சுழலுக்கு. ஓட்டம் 241. இதில் நம் கழகங்கள் கவனிக்காமல் விடும் ஒரு சங்கதி உண்டு: அந்த 37 ஓவரில் 17 ஓவரை வீசியவர்கள் துடுப்பாட்ட வரிசையின் மேலே நின்ற இருவர். அரவிந்த 42 ஓட்டத்துக்கு 3 விக்கெட் எடுத்துவிட்டு, ஆட்டமிழக்காமல் 107 ஓட்டமும் அடித்தார். ஐந்தாவது பத்தை அங்கே துடுப்பாட்டக்காரர்களே சுமந்தார்கள். உங்கள் முதல் ஆறு பேரில் நாலைந்து ஓவர் ஒழுங்காகச் சுழற்றக்கூடிய இருவர் இருந்தால் மூன்றாவது வேகப்பந்து வீச்சாளரையும் தாராளமாக எடுக்கலாம். ஒருவருமே இல்லையென்றால் சுழல்பந்து வீச்சாளரை எடுங்கள். இந்தக் கேள்விக்குப் பந்துவீச்சுப் பட்டியலில் விடை தேடாதீர்கள், துடுப்பாட்டப் பட்டியலில் தேடுங்கள்.

அரையிறுதியில் வென்ற அதே அணியோடுதான் இறுதிக்குப் போக வேண்டும் என்கிறார் எங்கள் தலைவர். பயிற்றுவிப்பாளர் மூன்று பேரை மாற்றச் சொல்கிறார்.
— வாசகர், களுவாஞ்சிகுடி

தலைவர் பக்கம்தான் நியாயம் கூட. மாற்றுவது பிழையல்ல, ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரே வரியில் சொல்லக்கூடிய காரணம் வேண்டும்.

2011 உலகக் கிண்ண இறுதியில் இலங்கை அரையிறுதி அணியில் நால்வரை மாற்றியது. மெத்யூஸ் காயம், அதைத் தவிர்த்திருக்க முடியாது. அவரோடு ஹேரத், அஜந்த மெண்டிஸ், சாமர சில்வா வெளியே போக, குலசேகர, திசர பெரேரா, ரந்திவ், கப்புகெதர உள்ளே வந்தார்கள். மஹேல 103 அடித்து 274 ஓட்டம் சேர்த்தும் இந்தியா 10 பந்து மிச்சமிருக்க 6 விக்கெட்டால் வென்றது. தோல்விக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் துடுப்பாட்டமும் பந்துவீச்சும் தெரிந்த ஒருவர் விழும்போது அணியின் சமநிலை முழுவதும் ஆடிப்போகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. உங்கள் சகலதுறை வீரருக்குக் காயம் என்றால் என்ன செய்வது என்பதைப் போட்டியன்று காலையில் யோசிக்கக் கூடாது, ஒரு கிழமைக்கு முன்னரே தீர்மானித்துவிட வேண்டும்.

மாற்றம் பலித்ததும் உண்டு. 2014 உலக ரி20இல், சிட்டகொங்கில் நியூசிலாந்தை வென்றால்தான் இலங்கைக்கு அரையிறுதி என்ற நிலை. அஜந்த மெண்டிஸுக்குப் பதில் ஹேரத்தை இறக்கினார்கள். இலங்கை எடுத்தது 119 மட்டுமே. ஹேரத் 3.3 ஓவரில் 3 ஓட்டத்துக்கு 5 விக்கெட் எடுக்க, நியூசிலாந்து 60க்குச் சுருண்டது.

உங்கள் பயிற்றுவிப்பாளரிடம் அந்த மூன்று பேருக்கும் மூன்று காரணம் கேளுங்கள். “எதிரணியின் முதல் ஐவரில் நால்வர் வலதுகை, ஆகவே பந்தை வெளியே திருப்பும் இடதுகைச் சுழல்” என்றால் அது காரணம். “அவன் அரையிறுதியில் அடி வாங்கினான்” என்பது காரணமாகாது.

கடைசி நாலு ஓவரில் எங்கள் பந்துவீச்சாளர்கள் யோக்கர் போடப் போய் புல் டொஸ் கொடுக்கிறார்கள். ஒரு கிழமைக்குள் திருத்த முடியுமா?
— வாசகர், ஆரையம்பதி

யோக்கர் துடுப்பாட்டக்காரரின் காலடியில் விழும் பந்து, புல் டொஸ் தரையில் படாமலே அவரிடம் வரும் பந்து. எல்லாரையும் திருத்த முடியாது. யாரால் முடியும் என்று கண்டுபிடிக்கலாம், அதுவே பெரிய உதவி.

துடுப்பாட்டக்காரர் நிற்கும் கோட்டிலிருந்து முன்னால் இரண்டடிக்குள் ஒரு கயிற்றைப் போடுங்கள். கோட்டுக்கும் கயிற்றுக்கும் இடையில்தான் பந்து விழ வேண்டும். 30 ஓவர் பழசான பந்தையே கொடுங்கள். வீச முன் ஆறு தடவை மைதானத்தில் விரைந்து ஓடவிட்டுக் களைத்துப் போனபின் 12 பந்து போடச் சொல்லுங்கள், ஏனென்றால் 48ஆவது ஓவரில் யாரும் களைக்காமல் வருவதில்லை. 12இல் 7 விழாதவருக்குக் கடைசி ஓவர்கள் வேண்டாம். அவரை 40க்கு முன்னரே முடித்துவிடுங்கள்.

புல் டொஸ் வருவது பெரும்பாலும் பந்தைக் கையிலிருந்து நேரத்தோடு விடுவதால். பயத்தில் தலை பின்னால் சாய்வதும் முன்கால் மடிவதும் இதைக் கூட்டும். பார்வையை ஸ்டம்பின் அடியில் வைத்து, முன்காலை உறுதியாக ஊன்றி, கையின் வேகத்தைக் குறைக்காமல் வீச வேண்டும். கை தயங்கினால் பந்து அரைத்தூரத்தில் விழுந்து அடிக்கத் தோதாக எழும்பும். இடுப்புக்கு மேல் வந்த புல் டொஸ் நோ போல் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஸ்டம்புக்கு நேராகப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றில்லை. 2014 உலக ரி20 இறுதியில் கோலி 77 அடித்து நிலைத்து நின்றபோதும் மாலிங்கவும் குலசேகரவும் ஓஃப் ஸ்டம்புக்கு வெளியே தள்ளி யோக்கர்களாகப் போட்டார்கள். கடைசி 4 ஓவரில் இந்தியாவுக்கு 19 ஓட்டமே. இதற்குக் களத்தடுப்பும் பொருந்த வேண்டும். டீப் போயின்ட், டீப் கவர், லோங் ஓஃப், லோங் ஓன், டீப் ஸ்கொயர் லெக் என்று ஐவர் எல்லையில் நிற்கட்டும். லெக் பக்கம் ஆளை நிரப்பிவிட்டு வெளியே போடச் சொல்வது பந்துவீச்சாளருக்குச் செய்யும் அநியாயம். ஓஃப் பக்க வைட் கோடு எங்கே என்று ஆட்டம் தொடங்க முன்னரே நடுவரிடம் கேட்டு வையுங்கள்.

மென்பந்தில் எங்கள் ஊரின் மிக வேகமான பந்துவீச்சாளர் ஒருவர் இருக்கிறார். கடினப்பந்து ஆடியதில்லை. இறுதிப் போட்டியில் திடீரென்று இறக்கினால் எதிரணி தடுமாறாதா?
— வாசகர், அக்கரைப்பற்று

வேண்டாம். டெனிஸ் பந்து 60 கிராமுக்கும் குறைவு, கடினப்பந்து 156 முதல் 163 கிராம் வரை. கிட்டத்தட்ட மூன்று மடங்கு பாரத்தைத் தோள் ஒரு கிழமையில் ஏற்காது. மென்பந்தில் வேகம் எடுக்க முழங்கையை மடித்து வெட்டி இழுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. கடினப்பந்தில் முழங்கை 15 பாகைக்கு மேல் நீண்டால் அது எறி. நடுவர் அதை நோ போல் என்று அழைத்தால் உங்கள் ஓவர்த் தாளில் பத்து ஓவர் வெறுமையாகிவிடும்.

நீளமும் மாறும். மென்பந்தில் காலடியில் போட்டுப் பழகியவர் கடினப்பந்தில் ஸ்டம்பிலிருந்து 6, 7 மீற்றரில் போடப் பழக வேண்டும். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் தையலின் இருபக்கமும், பெருவிரல் அடியில், உள்ளங்கைக்கும் பந்துக்கும் இடையில் வெளி. இதைப் பிடித்துப் பழகவே பல கிழமை வேண்டும். அடுத்த பருவத்துக்கு இப்போதே தொடங்கட்டும். அப்படியொரு வேகக்காரரை அவசரப்பட்டுக் கெடுத்துவிடாதீர்கள்.

கச்சான் காற்று அடிக்கும்போது யாரை எந்தப் பக்கமிருந்து வீசவிடுவது?
— வாசகர், வாழைச்சேனை

உண்மையான வேகக்காரருக்குக் காற்று முதுகில். ஸ்விங் செய்பவருக்குப் பக்கவாட்டில். பந்தை மேலே தூக்கிப் போடத் துணிந்த சுழல்பந்து வீச்சாளருக்கு எதிர்க்காற்று. எதிர்க்காற்றில் பந்து எதிர்பார்த்ததற்கு முன்னரே விழும், அடிக்க இறங்கி வந்தவர் ஏமாறுவார். ஆனால் நெருக்கமான எல்லை காற்று போகும் பக்கத்தில் இருந்தால், அந்தப் பக்கம் அடிக்கத் தோதான பந்தைக் கொடுக்காதீர்கள். கடற்கரை மைதானத்தில் பின்னேரம் கடற்காற்று எழுந்து திசை மாறலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பிடி புல்லைத் தூவிப் பார்த்து, தேவையென்றால் முனைகளை மாற்றுங்கள். காலையில் போட்ட திட்டத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

பந்தை மினுக்க எச்சில் பூசலாமா?
— மாணவர், சம்மாந்துறை

கூடாது தம்பி. 2022 ஒக்டோபர் முதல் கிரிக்கெட் விதியிலேயே தடை. வியர்வை பூசலாம். ஒரே பக்கத்தை மட்டும் மினுக்க வேண்டும். அதைக் களத்தில் ஒருவருக்கே பொறுப்பாகக் கொடுங்கள்.

எங்கள் முதன்மைப் பந்துவீச்சாளருக்குத் தொடைப் பின்தசையில் பிடிப்பு. “ஊசி போட்டு ஆடுவேன்” என்கிறார். எடுக்கலாமா?
— வாசகர், கல்முனை

போட்டிக்கு இரண்டு நாள் முன்னர் சோதியுங்கள். முதலில் மெதுவாக ஓட்டம், பிறகு 20 மீற்றர் முழு வேகத்தில் ஆறு தடவை, அதன்பின் முழு ஓட்டத்தோடு நாலு ஓவர், முடிந்ததும் தரையில் உருண்டு வரும் பந்தைக் குனிந்து பொறுக்கி எறிதல். இதில் எங்காவது அவர் காலைப் பிடித்தால் அதோடு நிறுத்துங்கள். மறுநாள் காலை எழும்பும்போது இறுக்கம் கூடியிருந்தாலும் விலக்க வேண்டும். வலியை மறைக்கும் ஊசியோடு ஓடினால் சிறு கிழிவு பெரிதாகும், அவர் மூன்றாவது ஓவரில் நொண்டிக்கொண்டு வெளியேறினால் ஏழு ஓவருக்கு ஆள் தேட வேண்டிவரும். வைத்தியரைக் காட்டாமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

பதில் ஆளை நம்புங்கள். 2024 ஓகஸ்ட்டில் ஹசரங்க இதே தொடைக் காயத்தால் விலக, அவர் இடத்துக்கு வந்த ஜெப்ரி வண்டர்சே ஆர். பிரேமதாச மைதானத்தில் இந்தியாவின் முதல் ஆறு விக்கெட்டையும் 33 ஓட்டத்துக்கு எடுத்தார். உங்கள் பதில் ஆளிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். புதுப்பந்தை அவர் கையில் கொடுத்து வலையில் வீசவிடுங்கள். போட்டியன்று காலை எட்டு மணிக்குத்தான் தான் ஆடுவது தெரிந்தால், அவர் முதல் மூன்று ஓவரைத் தன் ஓடிவரும் அளவைத் தேடியே செலவழிப்பார்.